ஆயிரத்து எழுநூறுக்கு மேல்

அடுகோடி

2025 ஆகஸ்டு 18, திங்கட்கிழமை, காலை பத்து இருபது. நாற்பது பல் இருக்க வேண்டிய ரோட்டரில் முப்பத்தேழுதான் இருக்கிறது.

அக்கா, உங்கள் மல்ச்சரை டெம்போவிலிருந்து இறக்கியதும் நான் செய்த முதல் வேலை எண்ணிப் பார்த்ததுதான். மூன்று பல் போல்ட்டோடு போயிருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு கிலோ இரும்பு. புதரையும் மரத்தையும் நின்ற இடத்திலேயே தூளாக்கச் சுற்றுகிற உருளையிலிருந்து ஒரு கிலோ இரும்பு கழன்றால் அது கீழே விழாது. போகும். எங்கே போனது என்று எனக்குத் தெரிய வேண்டும். அப்போது யார் எங்கே நின்றார்கள் என்றும்.

போனில் கேட்டிருப்பேன். மாமா உன் போனிலும் என் நம்பரை பிளாக் செய்ய வைத்துவிட்டார். "மெயில் போடு, அதில் கத்த முடியாது" என்று நீயும் சொல்லி அனுப்பிவிட்டாய். சரி. பெங்களூரில் அடுகோடிக்கும் பொம்மனஹள்ளிக்கும் நடுவில் இருப்பது ஒரு சில்க் போர்டு சிக்னல். அதைத் தாண்ட ஒரு மெயில்.

டெம்போக்காரர் இன்னொன்றும் சொன்னார். "சார், கட்டை கொஞ்சம் தடியா இருந்தா மிஷினு நின்னுடுது. அண்ணன் பம்ப்பைத் திட்டிக்கினே இருக்காரு." மல்ச்சரை மாட்டி ஓட்டுகிற லோடரில் அந்த பம்ப்பைப் போடச் சொன்னது நான். பம்ப்பைத் திட்டுவது யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை. ஆனால் கணக்கு இதுதான். மல்ச்சரின் மோட்டார் ஒரு சுற்று சுற்ற 75 சி.சி. ஆயில் வேண்டும். ரோட்டர் நிமிடத்துக்கு 1,600 சுற்று சுற்றினால்தான் ஒழுங்காக வெட்டும். அதாவது நிமிடத்துக்கு 120 லிட்டர். லோடரின் என்ஜின் முழு ஆக்ஸிலேட்டரில் 2,400ல் ஓடும். அப்போது 50 சி.சி. பம்ப் 120 லிட்டரை அப்படியே கொடுக்கும். மல்ச்சரின் முதுகில் பொறித்திருக்கிற உச்ச வரம்பு 1,800. அதைத் தாண்டக் கூடாது என்பதற்காகத்தான் 50.

நிற்கிறது என்றால் தப்பு வேறு எங்கோ இருக்கிறது. ஃபில்டர் மாற்றினீர்களா? ஆயில் எந்த கிரேடு? ஓடும்போது ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. மூன்று பல்லும் போட்டுப் புதன்கிழமை அனுப்புகிறேன். முதலாளி ஓஸ்வால்ட் சாரிடம் சொல்லிக் கூலியை பில்லில் சேர்க்கவில்லை.

காசியப்பன்

*

பொம்மனஹள்ளி
ஆகஸ்டு 20

காசி,

பத்து மாதத்தில் உன்னிடமிருந்து வரும் முதல் மெயில். அதைப் பல் எண்ணிக்கையில் ஆரம்பிக்கிறாய். "நல்லா இருக்கியா, நிரு எப்படி இருக்கா" என்று ஒரு வரி போட்டிருந்தால் உன் ஆயில் ஒன்றும் கொட்டிப் போயிருக்காது. நாங்கள் நலம். நிருபமா நாலாம் வகுப்பு. மாமன் ஏன் வருவதில்லை என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

பல் விஷயம். ஒன்று வாய்க்கால் சேற்றில் கிடைத்தது. ஒன்று சைட் ஆபீஸின் தகரக் கதவில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. உள்ளே யாரும் இல்லை, எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மூன்றாவது கிடைக்கவில்லை. அன்றையிலிருந்து உன் மாமா, வண்டி ஓடும்போது ஒருவரையும் முன்னால் விடுவதில்லை. நீ நினைக்கிற அளவுக்கு அவர் முட்டாள் இல்லை.

இப்போது பம்ப். ஆனேக்கல் பக்கம் லேஅவுட் போடுகிற இடம் அது, முழுக்க நீலகிரி மரமும் உண்ணிச்செடியும். மணிக்கட்டு அளவு கட்டை வந்தால் உன் பம்ப் மூச்சு வாங்குகிறது. தொடை அளவு வந்தால் நின்றுவிடுகிறது. சைட்டைப் பார்த்துக்கொள்பவர் சுந்தரமூர்த்தி, சிரித்துக்கொண்டே குத்துகிற ஆள். "ஏம்மா, உங்க மிஷினு மரத்தை வெட்டுதா, இல்ல மரத்துகிட்ட பர்மிஷன் கேக்குதா?" என்றார், பத்து பேர் முன்னால். செப்டம்பருக்குள் முடிக்காவிட்டால் வேறு மிஷின் வந்துவிடும். வந்துவிட்டால் அந்தப் பக்கம் இனி ஒரு சைட்டும் எங்களைக் கூப்பிடாது. கையில் இருப்பது இந்த ஒரு லோடர்தான், உனக்குத் தெரியும்.

பதினோரு வருஷம் கார்மெண்ட்ஸில் லைன் பார்த்தவள் நான். மெஷின் நின்றால் முதலில் ஓட்டுகிறவனைக் குறை சொல்பவன், மெஷினைக் கொடுத்தவன்தான்.

உன் மாமா எத்திராஜ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உன் தம்பி டேபிள் மேல ஓடற பம்ப்பு குடுத்திருக்கான். காட்டுல ஓடற பம்ப்பு நான் பாத்துக்கறேன்." சிவாஜிநகர் குஜ்ரியில், பழைய உதிரிச் சாமான் கடையில், 71 சி.சி. பிஸ்டன் பம்ப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறார்.

சங்கமித்ரா

*

அடுகோடி
ஆகஸ்டு 21

அக்கா,

71 வேண்டாம். முழு ஆக்ஸிலேட்டரில் 71 சி.சி. என்றால் 170 லிட்டர். ரோட்டர் 2,270ல் சுற்றும். வரம்பு 1,800 என்று முந்தின மெயிலிலேயே எழுதியிருக்கிறேன்.

ரிலீஃப் வால்வு இருக்கிறதே என்பார் மாமா. கடைக்கு வருகிற எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். ரிலீஃப் வால்வு பாரத்தைப் பார்க்கும், வேகத்தைப் பார்க்காது. மரம் சிக்கி அழுத்தம் ஏறினால் அது திறக்கும். ரோட்டர் காலியாகச் சுற்றும்போது அழுத்தமே இல்லை. வால்வு தூங்கும். வருகிற ஆயில் மொத்தமும் ரோட்டரைச் சுற்றத்தான் போகும். 1,600லிருந்து 2,270 ஆனால் பல்லை வெளியே இழுக்கிற விசை இரண்டு மடங்கு. ஒன்றரை இல்லை, இரண்டு. அடிக்கடி நின்றுபோகிற மிஷினிலிருந்து, மெதுவாகச் சுற்றிய ரோட்டரிலிருந்து கழன்ற பல்தான் தகரக் கதவைத் துளைத்தது. யோசித்துப் பார்.

வீடியோ கேட்டேன். வரவில்லை.

நிருவை விசாரித்ததாகச் சொல். நீ சொன்னதற்காக எழுதவில்லை.

காசி

*

பொம்மனஹள்ளி
ஆகஸ்டு 30

காசி,

71 போட்டாகிவிட்டது. உன் மெயில் வருவதற்கு முன்பே கடைக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. வந்த பிறகும் நான் நிறுத்தச் சொல்லவில்லை. அதையும் நானே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ கண்டுபிடித்துக் கேட்க வேண்டாம்.

ஒரு வாரமாக ஓடுகிறது. தொடை கனத்து நீலகிரி வாழைத்தண்டு மாதிரி போகிறது. முதல் நாள் ஒரு பெரிய கட்டையைத் தூளாக்கிவிட்டு மாமா என்ஜினை நிறுத்தினார். இறங்கி வந்து அந்தத் தூளைக் கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டே நின்றார். கல்யாணமான புதிதில் அவர் முகம் அப்படி இருந்து பார்த்திருக்கிறேன். சுந்தரமூர்த்தி, "இப்பதாம்மா மிஷினுக்கு மீசை முளைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு பல்லும் கழலவில்லை. உன்னுடைய 2,270 எங்கே என்று மாமா கேட்கச் சொன்னார். "உன் தம்பி கணக்குல புலி. மரத்துக்குக் கணக்கு தெரியலையே, என்ன பண்றது."

நீ கேட்ட வீடியோ இணைத்திருக்கிறேன். நிரு எடுத்தது, கொஞ்சம் ஆடும். ரொம்பத் தூரத்தில் நின்று, என் பக்கத்தில் நின்று எடுத்தாள். திட்டாதே.

சங்கமித்ரா

*

அடுகோடி
செப்டம்பர் 2

அக்கா,

வீடியோவைப் பார்க்கவில்லை. கேட்டேன். பம்ப் போடுகிற ஊளைக்கு ஒரு சுருதி உண்டு. அதை போன் ஆப்பில் கொடுத்தால் என்ஜின் எத்தனையில் ஓடுகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். 1,700 என்று வந்தது. நம்பாமல் வேறு இரண்டு இடத்தில் வெட்டிப் போட்டுப் பார்த்தேன். 1,700தான்.

மாமா முழு ஆக்ஸிலேட்டரில் ஓட்டுவதே இல்லை. டீசல் மிச்சம் பிடிக்கிறார். ஓஸ்வால்ட் சாரிடம் சொன்னதற்கு அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "என்ன மேன் காஷ், வாடகைக்கு வண்டி ஓட்டறவன் எவன் மேன் ஃபுல் குடுப்பான்? நீ அந்த ஆளைக் கேக்கவே இல்லயா?"

கேட்கவில்லை. ஜூலையில் பம்ப்புக்காக மாமா கடைக்கு வந்தபோது அவர் ஓஸ்வால்ட் சாரிடம் பேசினார், நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எத்தனையில் ஓட்டுவீங்க மாமா?" ஒரே ஒரு கேள்வி. கேட்டிருந்தால் 50 கொடுத்திருக்க மாட்டேன். 1,700ல் அது எண்பத்தைந்து லிட்டர்தான் தரும். மரத்தில் நிற்காமல் வேறென்ன செய்யும்.

1,700ல் 71 சி.சி. கொடுப்பது 120 லிட்டர். ரோட்டர் 1,600. ஆகவே மாமா ஓட்டுகிற விதத்துக்கு மாமா வாங்கிய பம்ப்தான் சரி. எழுதிவிட்டேன். வாசித்துக் காட்டு.

ஆனால் இந்தச் சரி மாமாவின் கையில் இருக்கிறது, மிஷினில் இல்லை. யாராவது என்றைக்காவது அந்த ஆக்ஸிலேட்டர் லீவரைக் கடைசி வரை தள்ளினால் 2,270 அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது. லீவருக்குப் பின்னால் ஒரு தடுப்பு போல்ட் வைத்தால் என்ஜின் 1,700க்கு மேல் போகாது. அரை மணி நேர வேலை. நானே வந்து வைத்துத் தருகிறேன். வரட்டுமா?

காசி

*

பொம்மனஹள்ளி
செப்டம்பர் 14

காசி,

உன் மெயிலை மாமாவிடம் வாசித்தேன். "மாமா வாங்கிய பம்ப்தான் சரி" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். "இன்னொரு தபா படி." படித்தேன். "இன்னொரு தபா." அதற்கப்புறம் சாப்பிடும்போது தானாகவே சிரித்துக்கொண்டார்.

தடுப்பு போல்ட் வேண்டாம் என்கிறார். காரணம் இருக்கிறது. லாரியில் ஏற்றும்போது முழு ரேஸ் கொடுத்தால்தான் வண்டி பலகையில் ஏறும், தடுப்பு வைத்தால் பாதியில் நின்று பின்னால் உருளும். அப்போது ரோட்டர் சுற்றுவதில்லை, அதனால் பயமில்லையாம். "வேலைல எவன்டா ஃபுல் ரேஸ் குடுப்பான், டீசல் விக்கிற விலைக்கு? உன் தம்பிகிட்ட சொல்லு, எனக்கு லாக்கு என் பர்சுலயே இருக்கு." ஆறு பல் தேய்ந்து போயிருந்தது. உங்கள் கடைக்கு அனுப்பினால் இரண்டு நாள் போகும் என்று இங்கேயே ஒரு பட்டறையில் அடித்துப் போட்டுக்கொண்டார். வேலை இருபத்தெட்டாம் தேதி முடிந்துவிடும்.

இனிமேல்தான் சந்தோஷமான விஷயம். அவரே சொன்னார், நான் கேட்கவில்லை: "பூஜைக்கு வரச் சொல்லு அவனை. வாயைத் தொறக்காம வரச் சொல்லு." போன ஆயுத பூஜைக்கு வீல் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தபோது, வந்தவர்கள் எல்லோர் முன்னாலும், "இதுக்கு பதிலா வீல் நட்டை டைட் பண்ணியிருக்கலாம்" என்றாயே, அதை மறந்துவிடுகிறாராம். காசி, அப்பா நம் இருவரையும் புத்த விகாரைக்குக் கூட்டிப்போய் வளர்த்தார். இந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது சந்தனம் குழைப்பது நான்தான். அவருக்கு அந்த ஒரு நாள் பெரிது. அதை அவருக்கு விட்டுக்கொடு.

அக்டோபர் ஒன்று, புதன்கிழமை, வண்டி நிறுத்துகிற பேகூர் யார்டில். மல்ச்சருக்கு இது முதல் பூஜை. முன்னால் தொங்குகிற சங்கிலித் திரையைக் கழற்றிவிட்டு, சட்டத்துக்குச் சாமந்தி மாலை, பல்லுக்குப் பல் குங்குமம். பிறகு வழக்கம்போல மாமா மூன்று முறை முழு ரேஸ் கொடுப்பார். அந்த ஒரு நாள் மட்டும் டீசலைப் பார்க்க மாட்டார். "வருஷம் பூரா அது வாயைக் கட்டி வேலை வாங்கறோம், இன்னிக்காவது குரல் விடட்டும்" என்பார். வேலை செய்கிற உறுப்பு எதுவோ அது சாமி முன்னால் அசைய வேண்டும். போன வருஷம் லோடர் பக்கெட்டைத் தூக்கி வணக்கம் வைத்தது. இந்த வருஷம் ரோட்டர் சுற்றும். அதற்கு எதிரில் பூசணிக்காய் உடைப்பார்கள். தெருவே வரும், சுந்தரமூர்த்தி குடும்பத்தோடு வருகிறார். நிரு ஆரத்தித் தட்டு பிடிப்பேன் என்று இப்போதே பட்டுப் பாவாடையை எடுத்து வெளியே வைத்திருக்கிறாள்.

வா.

அக்கா

*

அடுகோடி
செப்டம்பர் 15

அக்கா,

உங்கள் பூஜைக் கூத்தில் யாராவது சாகப் போகிறார்கள்.

நீ எழுதியதை நீயே ஒருமுறை வாசி. முழு ரேஸ். மூன்று முறை. ரோட்டர் காலியாகச் சுற்றும். திரையைக் கழற்றிவிட்டு. அந்தச் சங்கிலித் திரை அழகுக்காகத் தொங்கவில்லை, பறக்கிறதை மறிக்கத்தான் தொங்குகிறது. பட்டறையில் அடித்த ஆறு பல். அதன் எடை மற்றப் பல்லோடு சமமா? தராசில் வைத்தாரா? இல்லையென்றால் ரோட்டர் ஒரு பக்கமாக இழுக்கும், அந்த இழுப்பும் இரண்டு மடங்கு.

ஒரு மாதமாக ஆள் இல்லாத காட்டில், 1,700ல், எல்லோரையும் பின்னால் நிறுத்திவிட்டு ஓட்டிய மிஷின் அது. அதில் ஒரு ஆபத்தும் இல்லை, நானே எழுதினேன். ஒரே ஒரு நாள், தெருவைக் கூட்டி, திரையைக் கழற்றி, எல்லோரையும் ரோட்டருக்கு நேர் எதிரில் நிறுத்தி, லீவரைக் கடைசி வரை தள்ளப் போகிறார். ஒரு விபத்தை டிசைன் செய்து கொடு என்று யாராவது என்னிடம் கேட்டால் இவ்வளவு துல்லியமாக என்னால் செய்ய முடியாது. அதன் முன்னால் ஒன்பது வயதுப் பெண், கையில் தட்டோடு.

மாமாவிடம் வாசி. சாமி காப்பாற்றும் என்று சொன்னால், சாமிக்கு எத்தனை ஆர்.பி.எம். வரை தெரியும் என்று கேட்டுச் சொல்.

காசி

*

பொம்மனஹள்ளி
செப்டம்பர் 22

வாசிக்கச் சொன்னாய். வாசித்தேன்.

முதல் வரி அவருக்குக் கேட்டது. கடைசி வரி கேட்டது. நடுவில் நீ எழுதியிருந்த எதுவும் அவர் காதில் ஏறவில்லை. நான் முடித்ததும் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். என்னோடும் நாலு நாள் பேச்சில்லை. நேற்றுதான், "உன் தம்பி வர வேணாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

என் தம்பி என்பதால் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். பாதி புரிகிறது. ஆனால் காசி, போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கற்பூரத்துக்குப் பக்கத்தில் டீசல் கேன் இருக்கிறது, எல்லோரும் எரிந்து போவீர்கள் என்றாய். எரியவில்லை. போன வருஷம் வீல் கழன்று விழும் என்றாய். விழவில்லை. ஒவ்வொரு பூஜைக்கும் நீ ஒரு சாவைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறாய். இதில் எது கணக்கு, எது கிண்டல் என்று நான் எப்படிப் பிரிப்பேன்? நீயே பிரித்து எழுதுவதில்லையே.

நீ கேட்டதற்குப் பதில்: தராசில் வைக்கவில்லை. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. ரோட்டர் ஓடும்போது கேபினில் லேசான உதறல் வருகிறதாம். "வண்டிக்குப் பூஜை கேக்குது, அதான் சிலிர்க்குது" என்று மாமா யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சங்கமித்ரா

*

அடுகோடி
செப்டம்பர் 24

அக்கா,

இதில் கிண்டல் இல்லை. எழுதி, ஒருமுறை படித்து, கிண்டல் மாதிரி இருந்த இரண்டு வரியை அழித்துவிட்டு அனுப்புகிறேன்.

டீசல் கேன் விஷயத்தில் நான் சொன்னது நடக்கலாம் என்பது. வீல் நட்டு வெறும் வாய்க்கொழுப்பு. இது அந்த இரண்டும் இல்லை. அந்த உதறல் சிலிர்ப்பு இல்லை, எடை சமமில்லை. 1,600லேயே கேபின் வரை வருகிறது என்றால் 2,270ல் அந்த ஆறு போல்ட் தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது. தாங்கலாம். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க ஒரு கூட்டத்தை எதிரில் நிறுத்துவார்களா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பூஜை வேண்டாம் என்று சொல்லவில்லை. குங்குமம், மாலை, பூசணிக்காய் எல்லாம் இருக்கட்டும். மூன்று முறை இல்லை, முப்பது முறை ரேஸ் கொடுக்கட்டும். ரோட்டரைச் சுற்றவைக்கிற ஸ்விட்ச்சை மட்டும் போட வேண்டாம். அதைப் போடாவிட்டால் என்ஜின் எவ்வளவு கத்தினாலும் ரோட்டர் அசையாது, பயமில்லை. சாமி முன்னால் அசைய வேண்டும் என்றால் போன வருஷம்போல லோடர் கையைத் தூக்கி இறக்கட்டும், அதில் மல்ச்சரும் சேர்ந்துதானே அசைகிறது.

அந்த ஒரு ஸ்விட்ச். வேறு எதுவும் கேட்கவில்லை. மாமாவிடம் சொல், நான் கெஞ்சினேன் என்று. அந்த வார்த்தையையே சொல்.

காசி

*

பொம்மனஹள்ளி
செப்டம்பர் 30

காசி,

ஆறு நாளாக நேரம் பார்த்துக்கொண்டிருந்து நேற்றுதான் சொன்னேன். வேலை முடிந்து, சுந்தரமூர்த்தி கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, மாமா நல்ல மனசோடு இருந்தார். நீ கெஞ்சினாய் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். பாவம் என்று நினைக்கிறாரோ என்று எனக்குக்கூட நம்பிக்கை வந்தது.

"கெஞ்சறானா? அவனா? அன்னிக்கு சாமிக்கு ஆர்.பி.எம். கேட்டவன் இன்னிக்கு கெஞ்சறானா?" என்றார். "மித்ரா, அவன் எப்படியாச்சும் இந்தப் பூஜையை நடத்த விடக் கூடாதுன்னு பாக்கறான். நேரா வந்து பாத்தான், ஆவல. இப்ப சுத்தி வரான்." நான் ஸ்விட்ச்சைப் பற்றி மறுபடி சொன்னேன். "சாமிக்குப் பாதியக் காட்டி பாதிய மறைக்கிறதா? இந்த வருஷம் நமக்குச் சோறு போட்டது அந்த ரோட்டரு. அது சுத்தாம எது சுத்தும்?"

அதோடு சுந்தரமூர்த்தி வேறு. ஓசூர் பக்கம் இதைவிடப் பெரிய வேலை இருக்கிறதாம். அந்த இடத்துக்காரரைப் பூஜைக்குக் கூட்டி வருகிறார். "ஃபுல் ஸ்பீடுல எப்படி இருக்கும்னு அவரு பாக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். மாமா தலையாட்டிவிட்டார்.

நாளைக் காலை பத்தரைக்கு. யார்டைக் கழுவிக் கோலம் போட்டாயிற்று. இன்று மதியம் திரையைக் கழற்றினார்கள். குங்குமம் வைக்க வசதியாக இருக்கட்டும் என்று நான் ரோட்டரைத் துணியால் துடைத்தேன். பட்டறைப் பல் ஆறும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கறுப்பு. எனக்கு இப்போது அந்த ஆறு மட்டும்தான் கண்ணில் படுகிறது. ஒன்றைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. அசையாதது நல்லதா, கெட்டதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நிருவுக்கு ஜுரம் என்று சொல்லி வீட்டில் படுக்கவைக்கலாமா என்று பார்த்தேன். அவள் அப்பாவோடு யார்டில் ஓடிக்கொண்டிருக்கிறாள். எங்கே நிற்க வேண்டும் என்று ரோட்டருக்கு நேர் எதிரில் சுண்ணாம்பால் அவளுக்கு ஒரு வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

நீ வராதே. வந்தால் சண்டைதான். ஆனால் ஒன்று கேட்கிறேன், எதற்கு என்று கேட்காதே. அந்த ஸ்விட்ச் கேபினில் எந்தப் பக்கம் இருக்கிறது?

அக்கா

*

அடுகோடி
செப்டம்பர் 30, மாலை

அக்கா,

ஸ்விட்ச் வலது கைப்பிடியில் இருக்கிறது, மஞ்சள் நிறம். ஆனால் நீ அதைத் தொடாதே. ஒயரைப் பிடுங்குவது, ஃப்யூஸை எடுப்பது, இதெல்லாம் உன் தலையில் ஓடிக்கொண்டிருக்கும், எனக்குத் தெரியும். எல்லோர் முன்னாலும் ரோட்டர் சுற்றாமல் போனால் மாமா ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்து, சரிசெய்து, கோபத்தில் இன்னும் வேகமாகத் தள்ளுவார். பிறகு நீ அந்த வீட்டில் இருக்க வேண்டும். நான் இருக்க வேண்டியதில்லை. அதனால் இது என் வேலை.

பல் அசையாதது நல்லது. இப்போதைக்கு.

ராத்திரியே வந்து சுவரேறிக் குதித்து, ரோட்டருக்கு ஆயில் போகிற ஹோஸைக் கழற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கழற்றினால் மாமா சொன்னது உண்மையாகிவிடும், பூஜையைக் கெடுக்க வந்தவன் என்று. அடுத்த வருஷம் நான் இல்லாதபோது மறுபடி சுற்றவைப்பார். அவரே வேண்டாம் என்று சொன்னால்தான் அது நிற்கும்.

நாளைக்கு நான் செய்யப்போவது இதுதான். மாமாவிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டுமென்றால் சொல்லிக்கொள். சொல்லாவிட்டாலும் சரி.

1. காலை ஏழு மணிக்கு பேகூர் யார்டுக்கு வந்துவிடுவேன். கேட்டைத் திறக்காவிட்டால் திறக்கும் வரை வெளியே நிற்பேன். போகச் சொன்னாலும் போக மாட்டேன்.

2. கூட்டம் சேர்ந்த பிறகு, எல்லோர் முன்னாலும், போன வருஷம் பேசியதற்கும் ஆர்.பி.எம். கேட்டதற்கும் மாமாவிடம் மன்னிப்புக் கேட்பேன். தனியாகக் கேட்டால் அவர் நம்ப மாட்டார்.

3. குங்குமம் கொடுத்தால் வைத்துக்கொள்வேன். பூசணிக்காயை என்னையே உடைக்கச் சொன்னாலும் உடைப்பேன்.

4. ரோட்டருக்குப் போகிற இரண்டு ஹோஸையும் அவர் கையாலேயே கழற்றச் சொல்லி ஒருமுறை கேட்பேன். ஒரே ஒரு முறை. எண் எதுவும் சொல்ல மாட்டேன்.

5. மறுத்தால், நிருவின் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு அவளை உன்னிடம் அனுப்புவேன். நீ அவளைத் தூக்கிக்கொண்டு லோடருக்குப் பின்பக்கம் போய்விடு. கூட வருகிறவர்களையும் கூட்டிக்கொண்டு போ.

6. அந்தச் சுண்ணாம்பு வட்டத்துக்குள் நான் நிற்பேன். மாமா கேபினிலிருந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே லீவரைத் தள்ளட்டும்.

காசியப்பன்